இருப்பதிலேயே நல்ல பிரேக்

"இருக்கறதுலயே நல்ல பிரேக் டிஸ்க் எதுங்க அம்மணி?"

வந்ததும் வராததுமாகத் தெய்வசிகாமணி கேட்டது இதைத்தான்.

பியூலா இன்னொரு வண்டியின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மேட்டுப்பாளையத்தில், மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவள் பட்டறை. பிரேக் வேலை மட்டும்தான் செய்வாள். வேறு எதற்குப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். மலைப்பாதைக் கார் பந்தயங்களில் பதினோரு வருடம், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவள். நாற்பது வயது ஆகவில்லை. கோயம்புத்தூரில் கார் பைத்தியம் பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவளைக் குரு என்பார்கள். அவளுக்கு அது பிடிக்காது.

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தெட்டு. பம்புசெட் கம்பெனி முதலாளி. இரண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறார். சாவியை யார் கையிலும் கொடுத்ததில்லை.

"ஓட்டை போட்ட டிஸ்க்குதான் நல்லதுங்கறான் ஒருத்தன். கோடு வெட்டுனதுதான்ங்கறான் இன்னொருத்தன். ரேஸ் பேடு போட்டா வண்டி அப்படியே நிக்குமாமா. நாலு சக்கரத்துக்கும் புதுசாப் போட்டுருங்க."

"ரேஸ் பேடு சூடானாத்தான் பிடிக்குமுங்க சார். காலைல வீட்டுல இருந்து எடுத்ததும் முதல் திருப்பத்துல பிடிக்காது."

"அப்ப எதைத்தான் போடறது?"

"எதுக்குப் போடறீங்க?"

ஊரெல்லாம் கேட்டு விவரம் சேர்த்துக்கொண்டு வந்த மனிதர், இந்த ஒரு கேள்விக்குத் திணறினார்.

"எங்க வீட்டுல வண்டில ஏற மாட்டேங்கறா."

மகள் குன்னூரில் வீடு கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. அவர் மனைவி கோகிலவாணி, நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் செய்திருக்கலாம். அவள் சண்டை போடவில்லை.

"சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால நான் கார்லயும் அவ பஸ்லயும் போயி எறங்குனா நல்லாவா இருக்கும்?"

"ஏன் வர மாட்டேங்கறாங்க?"

"பயமாமா. போன மாசம் ஊட்டில இருந்து எறங்கறப்ப ஒரு வளைவுல என் கையப் புடிச்சிட்டா. நான் சிரிச்சுப்போட்டு, பயமா இருந்தா கண்ண மூடிக்கன்னு சொன்னேன். வீடு வந்து சேந்ததும், இனிமே இதுல ஏற மாட்டேனுங்கன்னுட்டா. அதான், பிரேக்கையே மாத்திப்போட்டா அப்பறம் என்ன பயம்?"

பியூலா அவர் வண்டியின் சக்கரங்களைக் கழற்றினாள். டிஸ்க்கின் கனத்தை அளந்தாள். பேடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டினாள்.

"ஒரு குத்தமும் இல்லீங்க. பேடு இன்னும் பாதிக்கு மேல இருக்கு."

"அப்ப அவ சும்மா சொல்றாளா?"

"சாவியக் குடுங்க சார். நான் ஓட்டறேன்."

அவர் தயங்கினார். வேறு யாராவது கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பார். கொடுத்தார்.

இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருப்பதே இரண்டு சீட். அதில் இந்த இடது பக்க சீட்டில் அவர் உட்காருவது அன்றுதான் முதல் தடவை.

"நீங்க ஓட்டற மாதிரியே ஓட்டறேன்," என்றாள் பியூலா.

பர்லியார் வரை ஏறினார்கள். அங்கே திருப்பி இறங்க ஆரம்பித்தாள்.

முதல் கொண்டை ஊசி வளைவு. எதிரே லாரி வந்தது. பிரேக் பிடிக்க இன்னும் நேரம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அங்கே பெடல் இல்லை. அவள் மிதித்த பிறகுதான் வேகம் குறைந்தது.

"மெதுவா போங்க அம்மணி."

"பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க சார்."

அடுத்த வளைவில் மறுபடி மிதித்தார். அதற்கடுத்ததிலும் மிதித்தார். எத்தனை முறை மிதித்தாலும் கால் ஒரே இடத்தில் போய்ப் பதிவது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த இடம் பள்ளமாக இருந்தது.

குனிந்து பார்த்தார்.

மேட் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அதற்கு அடியில் இருந்த கார்ப்பெட்டும் நைந்து நூல் நூலாகக் கிடந்தது. அவர் பாதத்தைவிடச் சின்னப் பாதத்தின் தடம் அது.

ஒன்பது வருடத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்தவள் ஒருத்திதான்.

"நிறுத்துங்க," என்றார்.

கல்லார் தாண்டி, ஒரு புளியமரத்து நிழலில் பியூலா வண்டியை ஓரம் கட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க சார். எந்த டிஸ்க் போடட்டும்?"

ஊட்டி, வால்பாறை, ஏற்காடு என்று மனைவியை அவர் ஆசை ஆசையாகக் கூட்டிப்போன ஊரெல்லாம் நினைவுக்கு வந்தது. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்த அவள் ஒரு ஊரையும் பார்த்திருக்க மாட்டாள்.

"அவ மிதிச்சுக்கிட்டே வந்திருக்கா. நான் சிரிச்சுக்கிட்டே வந்திருக்கேன்."

பியூலா இன்ஜினை அணைத்தாள்.

"இந்தப் பக்கம் தேஞ்சதுக்கு மாத்து ஏதாவது இருக்குங்களா?"

"எங்கிட்ட இல்லீங்க."

அவள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கினாள். பட்டறைப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிக்கொண்டாள்.

அவர் வலது பக்கத்துக்கு மாறி உட்காரவில்லை. இருந்த இடத்திலிருந்தே வீட்டுக்கு போன் போட்டார்.

"என்னங்க," என்றாள் கோகிலவாணி.

"நம்ம வண்டில போயிட்டு வந்தா, உனக்குக் காலு வலிக்குமா?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் நின்றது.

"எந்தக் காலு?" என்று கேட்டாள்.

"வலது காலு."

"ஒம்பது வருசம் கழிச்சுக் கேக்கறீங்க," என்றாள் அவள்.