பங்கு போட்ட கண்கள்

கண் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஒரு குருவும் இரண்டு சீடர்களும் இருந்தார்கள். குருவுக்குக் காவி கிடையாது, வெள்ளைக் கோட்டுதான். டாக்டர் மங்கையர்க்கரசி என்று பெயர்.

மூத்த சீடர் ஞானப்பிரகாசம். குருவைவிட வயதில் பெரியவர். அங்கே ஒரு மேஜையும் ஒரு ஃபிரிட்ஜும் மட்டும் இருந்த காலத்திலேயே, காலேஜ் வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தவர். இளைய சீடர் ஷமீம் பானு. அவள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"வாம்மா பானு" என்று குரு கூப்பிடும்போதெல்லாம் ஞானப்பிரகாசத்துக்கு வயிறு எரியும். தன்னை மட்டும் "சார்" என்கிறாரே! மரியாதை யாருக்கய்யா வேண்டும்? முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்த கதைதான் என்று டீ குடிக்கும்போதுகூட அதே நினைப்பு. டீயும் கசந்தது.

அவர்கள் தேடிக்கொண்டிருந்தது இதுதான். வயதாக ஆக மனிதனின் விழித்திரைக்குள் என்ன நடக்கிறது? அங்கே ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கில் மரபணுக்கள். எல்லாமே எப்போதும் வேலை செய்வதில்லை. வயது ஏறும்போது சில அடங்கிப்போகும், சில புதிதாக வேலையைத் தொடங்கும். எது அடங்குகிறது, எது எழும்புகிறது என்று தெரிந்தால், முதுமையில் பார்வை ஏன் மங்குகிறது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

அதற்காக, இறந்தவர்களின் குடும்பம் தானம் கொடுத்த கண்கள் வரும். விழித்திரையை உரித்தெடுத்து, அரைத்து, மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தன என்று அளக்க வேண்டும். முதியவர்களின் கண் நிறைய வரும். இளவயதுக் கண் அபூர்வம். பைக்கில் போய் விழுந்து செத்த பிள்ளையின் கண்ணைக் கொடுக்கப் பெற்றவர்களுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

வருகிற கண்களைப் பங்கு போடுவது ஞானப்பிரகாசத்தின் பொறுப்பு. இளங்கண் வந்தால் அவருக்கு. கிழக்கண் வந்தால் பானுவுக்கு. நேற்று முளைத்தவள் கையில் தங்கத்தைக் கொடுப்பார்களா என்ன?

ஒருநாள் பானு கேட்டாள். "சார், சின்னவங்க கண்ணுல ரெண்டு எனக்குக் கொடுங்களேன். பெரியவங்க கண்ணுல ரெண்டு நீங்க எடுத்துக்குங்க. கலந்து செய்யலாம்."

"ஏன், கிழவன் கிழவி கண்ணுன்னா உனக்கு இளக்காரமா?"

"ஐயோ, அதுக்கில்ல சார். ஒரே வயசுக்காரங்க கண்ணு பூரா ஒரே கையில போகுதேன்னு..."

"நீ உன் வேலையைப் பாரும்மா."

பறிக்கப் பார்க்கிறாள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. பானு அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்மேல் கோள் சொல்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை.

முடிவு வந்தது. அம்மாடி! இளங்கண்ணுக்கும் கிழக்கண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஞானப்பிரகாசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், ஆராய்ச்சிக் கட்டுரையில யார் பேரு முதல்ல வரும்?"

குரு கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு வித்தியாசம் வருமா? யார் யார் எதைச் செஞ்சீங்க சார்?"

"இளங்கண்ணு பூரா நான். மத்தது பானு." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

குரு அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "பேரைப் பத்தி அப்புறம் சொல்றேன்" என்றார்.

அடுத்த வாரம் குரு அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே பாதிக் கண். "வழக்கம்போல செய்ங்க சார். யாரோடது, என்ன வயசுன்னு கேக்காதீங்க."

பானுவிடமும் ஒரு டப்பா இருப்பதை அவர் பார்த்தார். ஆகா, பரீட்சை வைக்கிறார்! முதல் பேர் யாருக்கு என்று இதிலே தெரிந்துவிடும். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல மெதுவாக, பதமாகச் செய்தார். பானு சட்டுப்புட்டென்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

மரபணுக்களின் வேலையை வைத்து வயதை ஊகிக்கக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எல்லாம் இவர்களுடைய பழைய முடிவுகளைக் கொண்டுதான். ஞானப்பிரகாசம் செய்த பாதியை அது இளைஞனின் கண் என்றது. பானு செய்த பாதியைக் கிழவரின் கண் என்றது.

"பாத்தீங்களா மேடம்? இப்பவும் எனக்கு இளங்கண்ணு, அவளுக்குக் கிழக்கண்ணு!"

"ரெண்டும் ஒரே கண்ணு சார்."

அவருக்குப் புரியவில்லை.

"ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தரோடது. நடுவுல வெட்டி ஆளுக்குப் பாதியா நான்தான் கொடுத்தேன்."

ஞானப்பிரகாசத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பொறாமை சும்மா விடுமா? "அப்ப பானு கெடுத்திருக்கா மேடம்! அவ கை அவசரக் கை."

"அவ கை வேகம். உங்க கை நிதானம். ரெண்டுமே நல்ல கைதான் சார். ஆனா நீங்க மெதுவா பண்றப்ப சில ஜீன் ஒருவிதமா மாறும், அவ வேகமா பண்றப்ப வேறவிதமா இருக்கும். வயசு வித்தியாசம்னு நாம பாத்தது இந்தக் கை வித்தியாசத்தைத்தான். கலந்து செஞ்சிருந்தா அது ரெண்டு பக்கமும் சமமா விழுந்து அடங்கியிருக்கும்." குரு அவரை நிமிர்ந்து பார்த்தார். "கலக்கலாம்னு உங்க ரெண்டு பேர்ல யாருக்குமே தோணலையா?"

'நீ உன் வேலையைப் பாரும்மா' என்று பானுவை விரட்டியது அவர் காதில் ஒலித்தது.

"இளங்கண்ணு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம். எல்லாத்தையும் அரைச்சாச்சு."

கண்ணை வாங்கப் போனபோது ஒரு தகப்பனார் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, பையனின் கண் யாருக்காவது உதவுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டது அவருக்கு நினைவு வந்தது. கண்டிப்பாக உதவும் என்று இவர்தான் சொல்லி அனுப்பினார். பானுவின்மேல் இருந்த எரிச்சலைத் தேடிப் பார்த்தார், அதுகூடக் கைகொடுக்கவில்லை.

"கட்டுரையில என் பேரே வேண்டாம் மேடம். எடுத்துடுங்க."

குரு எழுதி வைத்திருந்த கட்டுரையை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"எப்படி சார் எடுக்கிறது? இதுல 'வயசு'ன்னு போட்டிருக்கிற இடமெல்லாம் உங்க பேருதானே."