மடைப்பாறையில் இருபத்தொரு கல்

குளத்து மடையை ஒட்டி ஒரு தட்டைப்பாறை இருந்தது. அதன் மேல் ஒரு வயதான ஆமை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கூச்ச சுபாவம். யாராவது பாராட்டினால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆனால் எண்ணிக்கையில் பிசகாது. குளத்தில் எல்லோருக்கும் அது "அண்ணாச்சி"தான்.

கார்த்திகையில் குளம் நிறைந்ததும் வரித்தலை வாத்துகள் வடக்கேயிருந்து வந்து இறங்கும். இறங்க இறங்க ஆமை எண்ணும். அந்த வருஷம் அறுபத்து மூன்று.

அவை திரும்பிப் போகும் நாளைக் குறிப்பதும் ஆமைதான். கரையில் ஒரு முள்முருங்கை மரம் நின்றது. அதிலிருந்து முதல் சிவப்புப் பூ விழுந்த நாள்தொட்டு, தினம் ஒரு வெள்ளைக் கல்லைப் பாறைமேல் வைக்கும். இருபத்தொரு கல் சேர்ந்ததும் வாத்துகள் கிளம்பிவிடும். போகிற வழியில் அவை இளைப்பாறும் குளங்கள் வெயிலுக்கு ஒவ்வொன்றாக வற்றும். பிந்தினால் இறங்கத் தண்ணீர் இருக்காது. முன்பு ஒருமுறை, கணக்கில்லாமல் கிளம்பிய வருஷத்தில், பதினொரு வாத்துகள் ஊர் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு.

இப்போது கூட்டத்துக்குத் தலைவி வரிச்சி. பகலெல்லாம் நெல் அறுத்த வயல்களில் மேய்ந்துவிட்டு, மாலையில் பாறையோரம் வந்து கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"எத்தனை ஆச்சு அண்ணாச்சி?"

"பதினாலு."

"எங்க அம்மாகூட இதே இடத்துல நின்னுதான் கேப்பா!"

ஆமைக்கும் அது ஞாபகம் இருந்தது. வரிச்சி முதன்முதலாக வந்தபோது அவள் தலையில் வரிகூட விழவில்லை. உறைபனி என்றால் என்னவென்று ஆமைக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். "தண்ணி தூங்குறது மாதிரி இருக்கும் அண்ணாச்சி!" என்றாள். அது பதினாறு வருஷத்துக்கு முன்னால்.

வாத்துகள் போன பிறகு குளம் வற்றும். ஆமை சேற்றுக்குள் இறங்கிப் படுத்துவிடும். மழை வரும்வரை பேச ஆளிருக்காது. அடுத்த கார்த்திகைவரை உயிரோடு இருப்போமா என்று அந்த வருஷம் ஆமைக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாள் காலை பதினைந்தாவது கல்லை வைத்தது. மதியம் ஒரு கல்லை மூக்கால் மெல்லத் தள்ளியது. ப்ளக்! கல் தண்ணீருக்குள் போய்விட்டது.

மடைக்கு மேலே காத்திருந்த மீன்கொத்தி, மீனென்று நினைத்துப் பாய்ந்தது. வெறும் வாயோடு மேலே வந்தது.

"என்ன ஓட்டாண்டி! கல்லை அடைகாக்கிறீரே, எப்போ குஞ்சு பொரிக்கும்?" என்று எரிச்சலோடு கத்தியது.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மாலையில் வரிச்சி வந்தாள். "எத்தனை அண்ணாச்சி?"

ஆமைக்குப் பொய் சொல்ல வராது. பாறைமேல் இருந்ததை எண்ணிச் சொன்னது. "பதினாலு."

"நேத்தும் பதினாலுன்னுதானே சொன்னீங்க?" வரிச்சியும் எண்ணிப் பார்த்தாள். பதினான்குதான் இருந்தது. "எனக்குத்தான் வயசாயிட்டு போல!" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஆமைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று மாலை அவளோடு பேசிக்கொண்டிருந்தது இனிமையாக இருந்தது. அதனால் அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு கற்கள் தண்ணீருக்குள் போயின.

கோடை வருவதற்கு ஆமை பார்க்கிற அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கரையில் வாலாட்டிக்கொண்டு திரிந்த வாலாட்டிக் குருவிகளைக் காணோம். தகைவிலான் குருவிகள் மின்கம்பியைக் காலி செய்துவிட்டன. குயில் கூவியது. வேப்பம்பூ ஆமையின் ஓட்டின் மேலேயே உதிர்ந்தது. மடைப்படியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. ஆமை எல்லாவற்றையும் பார்த்தது. எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் நான்காவது கல்லைத் தள்ளியது. ப்ளக்! மீன்கொத்தி பாய்ந்தது. இப்போது தண்ணீர் குறைந்திருந்ததால் அதன் அலகு அடிவரை எட்டிவிட்டது. மேலே வந்தபோது அலகில் ஒரு வெள்ளைக் கல்!

வெயில் தாங்காமல் அன்று வாத்துகள் மதியமே திரும்பி வந்திருந்தன. மீன்கொத்தி அவற்றின் நடுவே கல்லைப் போட்டது.

"பாருங்க இந்தக் கிழவரை! மீன் மாதிரி கல்லைப் போட்டு என்னை ஏமாத்துறார்! நாலு தடவை!"

வாத்துகள் ஆமையைப் பார்த்தன. வரிச்சிதான் முதலில் பேசினாள்.

"சும்மா இரு மீன்கொத்தி! காத்துக்கு உருண்டிருக்கும். அண்ணாச்சி கணக்கு தப்பாது."

தலையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று ஆமைக்குத் தோன்றியது. அப்படிச் செய்யவில்லை. கழுத்தை முழுவதும் வெளியே நீட்டியது.

"காத்து இல்ல வரிச்சி. நான்தான் தள்ளினேன். நாலு கல்லு. பாறையில இருபது இருக்கு. இன்னிக்கு இருபத்து நாலாம் நாள். மூணு நாள் பிந்திட்டீங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"நீங்க போனா குளம் வெறிச்சுனு ஆயிடும்."

வரிச்சி கூட்டத்தைப் பார்த்து, "கிளம்புங்க!" என்றாள்.

ஆமை எண்ணியது. அறுபத்து மூன்று. கடைசி வாத்து புள்ளியாகி மறையும்வரை பார்த்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கியது. அந்தக் கோடை முழுவதும் அதற்குச் சரியான உறக்கமில்லை.

கார்த்திகை வந்தது. வாத்துகளும் வந்தன. தலையில் வரி விழாத குஞ்சுகளை ஆமை தனியாக எண்ணியது. இருபத்தாறு. வரி விழுந்தவை அறுபத்தொன்று. மறுபடி எண்ணியது. அறுபத்தொன்றுதான்.

வரிச்சி பாறையோரம் வந்தாள். இளைத்திருந்தாள்.

"வழியில ரெண்டு குளத்துல தண்ணி இல்ல அண்ணாச்சி" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் என்றைக்கும் பேசவில்லை.

மாசியில் முள்முருங்கையின் முதல் பூ விழுந்தது. ஆமை ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு மேலே பார்த்தது.

"மீன்கொத்தி! நீயும் சேர்ந்து எண்ணு. நான் பிசகினா ஊரைக் கூட்டு!"

"அதுக்கு என்கிட்ட சொல்லவா வேணும்!" என்றது மீன்கொத்தி.

இருபத்தொன்றாம் நாள் மாலை வரிச்சி வாய் திறக்குமுன்பே ஆமை சொன்னது: "இருபத்தொண்ணு. கிளம்பு, தாயி!"

போக வேண்டிய நாளில் போக விடுகிறவருக்கே, பிரியமானவர்கள் திரும்பி வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் உரிமை உண்டு.