மகளுக்குச் சொன்ன சொல்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஆசிரமம். அங்கே குற்றாலிங்கம் என்று ஒரு சீடர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆசிரமத்தை நடத்தும் சாமியைவிட வயதில் மூத்தவர். ஊரையே ஏசிப் பழகிய மனிதர், இங்கே வந்து சாமியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அதுவும் செய்யாத தப்புக்கு. யாரோ குழாயைச் சரியாக மூடாமல் போவார்கள், ஏச்சு இவருக்கு. தியானத்தில் யாரோ குறட்டை விடுவார்கள், அதற்கும் இவர்தான்.

நேற்றுப் பந்தியில் பொறுமை போய்விட்டது. எல்லார் முன்னாலும் சாமி கேட்டார்.

"என்னவே குற்றாலிங்கம், இலையில இம்புட்டுச் சோத்தை ஒதுக்கி வச்சிருக்கீரு? பட்டினி கிடந்தா போன உசுரு திரும்பி வந்துருமா?"

குற்றாலிங்கத்தின் இலை துடைத்துவிட்டது போல இருந்தது. அவர் வீட்டில் யாரும் சாகவும் இல்லை.

இன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே குற்றாலிங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடத்துக்கு வெளியே நின்ற சாமியின் முன்னால் வந்து நின்றார்.

"நான் போறேன் சாமி."

"போயிட்டு வாரேன்னு சொல்லும்."

"வரமாட்டேன். அதான் போறேன்னு சொல்லுதேன்."

"என்ன கோவம்?"

"செய்யாத தப்புக்கு என்னை ஏன் ஏசுதீய? தப்பு செஞ்சவன்கிட்ட நேராச் சொல்லணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுவானேன்?"

சாமி அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்திக் கூடத்து ஜன்னல் ஓரமாக நிறுத்தினார்.

உள்ளே, கடைசி இலையில் வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தார். மனைவியைப் பறிகொடுத்துவிட்டுப் போன வாரம் வந்து சேர்ந்தவர். வந்த நாள் முதல் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறவர். இன்று மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

நேற்றைய ஏச்சு யாருக்கென்று குற்றாலிங்கத்துக்குப் புரிந்தது.

"மகளே உனக்குச் சொல்லுதேன், மருமகளே நீயும் கேட்டுக்கோம்பாங்க. கேட்டிருக்கீரா?" என்றார் சாமி.

"கேட்டிருக்கேன். மாமியாருக்கு மருமக மேல பயம்."

"பயந்தான். அவ புதுசா வந்தவ. ஒரு சொல் தாங்கமாட்டா. மூட்டையைக் கட்டிருவா."

"சரி சாமி. இத்தனை பேர் இருக்கையில என்னை மட்டும் ஏன்?"

சாமி அவர் தோளில் கிடந்த பையைப் பார்த்தார்.

"மகளும் கோவிச்சுக்குவா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. ஆனா சோத்து நேரத்துக்குப் 'பசிக்குதும்மா'ன்னு வந்து நிப்பா. அந்தத் தைரியத்துலதான் பெத்தவ அவளை ஏசுதா."

இத்தனை வருஷத்தில் யாரும் தன்னை இப்படிச் சொந்தம் கொண்டாடியதில்லை என்று குற்றாலிங்கத்துக்குத் தோன்றியது. பையை ஜன்னலுக்குக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வெயிலுமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இலை போட்டார்கள்.

வாசலிலிருந்து சாமியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னவே குற்றாலிங்கம், பந்திக்கு வர இம்புட்டு நேரமா?"

"தப்புத்தான் சாமி" என்றார் குற்றாலிங்கம். "பசிக்குது."