டவாலி மாசிலாமணியின் சாட்சி

மாசிலாமணி முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் டவாலி. சிவப்புப் பட்டை போட்டு நீதிபதிக்கு முன்னால் நடந்தவர். வாசலில் நின்று சாட்சிகளின் பெயரை மூன்று முறை கூவியவர். அவர் கூவினால் கோர்ட் வேப்பமரத்துக் காக்காய்கள் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத்தான் திரும்பும்.

ஓய்வு பெற்ற கையோடு, சபையில் போதகருக்குத் துணையாக உபதேசியார் ஆகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. குருவாக வாய்த்தவர் போதகர் எஸ்தர் பொன்மணி. சிஷ்யரைவிட இருபத்தைந்து வயது இளையவர். அதில் மாசிலாமணிக்குக் கூச்சமே இல்லை. மீசை முளைத்தும் முளைக்காத நீதிபதிகளுக்கெல்லாம் கூட்டத்தை விலக்கிவிட்டவர் அவர்.

புதன்கிழமை காலை பாஸ்டரம்மா ஆலயத்து பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாசிலாமணி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மைதீன் பிச்சை எனக்கு டீ தரமாட்டேங்கான்."

மைதீன் பிச்சை கோர்ட் எதிரில் டீக்கடை வைத்திருப்பவர். முப்பது வருஷச் சிநேகிதம். ஞாயிற்றுக்கிழமை சபையின் தெருக்கூட்டத்தில் மாசிலாமணி முதன்முதலாக மைக்கைப் பிடித்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொன்னார். அன்றிலிருந்து இவரைக் கண்டால் மனுஷன் கிளாஸைக் கழுவுகிறார், கழுவுகிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். ஊற்றுவதில்லை.

"அப்படி என்ன சொன்னீங்க அண்ணாச்சி?"

"இயேசுதான் சத்தியம்னு சொன்னேன். அது தப்பா?"

"தப்பில்லையே. நானும் அதைத்தான் சொல்லுதேன்."

"ஊர்ல கோயில் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு, நாம இருக்கோம். எல்லாம் ஒண்ணுதான்னு தலையாட்டிட்டா அவன் டீ ஊத்திருவான். என்னால அப்படி ஆட்ட முடியாது. அவன் இல்லாமலும் இருக்க முடியல. சொல்லுங்க பாஸ்டரம்மா, சத்தியத்தை விடணுமா, அவனை விடணுமா?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாஸ்டரம்மா துணியை பெஞ்சில் போட்டார். "வாசல்ல போய் சாட்சியைக் கூப்பிடுங்க."

"எந்தச் சாட்சியை?"

"மாசிலாமணியை."

பழகின கால் தானாக வாசலுக்குப் போனது. "மாசிலாமணீ! மாசிலாமணீ! மாசிலாமணீ!" மூன்றாவது கூவலுக்கு அவரே உள்ளே ஓடிவந்து, பலிபீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதிக்குப் பின்னால் கையைக் கட்டி நின்றார். யாரும் கேட்காமலே, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியமும் செய்து முடித்தார். பிறகுதான் சுற்றிப் பார்த்தார்.

"ஜட்ஜ் நாற்காலி போடலியே?"

"அது இருக்கட்டும். நான் வக்கீல். நீங்க கண்டதைச் சொல்லுங்க."

மாசிலாமணி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஆறு வருஷத்துக்கு முன் அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு மூளைக்காய்ச்சல். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டிபோட்டு, ஆண்டவரே என்று அழுதார். மூன்றாம் நாள் அவள் கண்ணைத் திறந்தாள்.

"கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டா, பாஸ்டரம்மா. அவர் வந்தார். எனக்குத் தெரியும். எவன் வந்து இல்லைன்னாலும் எனக்குத் தெரியும்."

"இந்தச் சாட்சியை எந்த வக்கீலும் உடைக்க முடியாது," என்றார் பாஸ்டரம்மா. "கஞ்சி யார் கொண்டுவந்தது?"

மாசிலாமணி கிராதியைப் பிடித்துக்கொண்டார்.

"மைதீன் பிச்சை. நோன்பு மாசம். பள்ளிவாசல்ல வாங்கி, தூக்குவாளியில கொண்டாந்தான்."

"அன்னைக்கு மட்டும் வந்தாரா?"

"மூணு நாளும் கடையை அடைச்சுப் போட்டுட்டு என் கூடவேதான் இருந்தான். நான் இந்த ஓரத்துல முட்டிபோட்டேன். அவன் அந்த ஓரத்துல தொழுதான்."

"ஞாயித்துக்கிழமை மைக்ல இதைச் சொன்னீங்களா?"

"அஞ்சு நிமிஷம்தான் கொடுத்தாங்க."

"அந்த அஞ்சு நிமிஷத்துல அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார். "முடிக்கும்போது ஒரு வேகத்துல… மைதீன் பிச்சைக்கு நரகந்தான்னு சொல்லிட்டேன்."

"அதைக் கண்டீங்களா?"

"இல்லை."

"கோர்ட்ல ஒரு சாட்சி கூண்டை விட்டு இறங்கி, ஜட்ஜ் நாற்காலியில போய் உட்கார்ந்தா?"

"நான்தான் கையைப் பிடிச்சு வெளிய கொண்டு விடணும்." சொல்லிவிட்டுத் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்டரம்மாவும் சிரித்தார்.

"சரி, அவனுக்கு என்ன தீர்ப்புதான் வரும்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன்."

"நானும் சாட்சிதான் அண்ணாச்சி. நாற்காலியில ஏற்கெனவே ஆள் இருக்கு. அவர் என்னை எதுவும் கேட்கலை."

மாசிலாமணி கிராதியை விட்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியவர், அப்படியே நின்று திரும்பினார்.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியே. சத்தியத்தை விடணுமா, அவனை விடணுமா?"

பாஸ்டரம்மா துணியை எடுத்து அடுத்த பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை மைதீன் பிச்சையை விட்டுட்டுத்தானே அண்ணாச்சி சாட்சி சொன்னீங்க. சத்தியம் மட்டும் நின்னுச்சா?"