வட்டிக்குப் போன ஏரிக்கரை

கொன்றைக்காட்டு ஏரிக்கரையில் விலங்குகளின் சபை கூடியது. சில நாட்களாகவே அங்கே ஒரே பேச்சுதான்: காட்டின் கடன்.

கரைக்குக் கீழே, புல்தரையில், ஓர் ஆட்காட்டிக் குருவி தன் முட்டைகளின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கரைமேல் ஏறி நின்றால்தான் சபையில் பேசலாம் என்பது காட்டின் விதி. எழுந்து போனால் காக்கை முட்டையைக் கொத்திவிடும். அதனால் ஆட்காட்டி ஒரு நாளும் சபையில் பேசியதில்லை.

"பஞ்சத்தில் தானியம் கொடுத்துக் காப்பாற்றியது யார்? பெருச்சாளிதானே! இன்னும் கொஞ்சம் வாங்கினால் என்ன கெட்டுவிடும்?" என்றது தலைவராக இருந்த குரங்கு செங்கோடன். "பக்கத்துக் காட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். வெறும் இலையா போடுவது?"

முள்ளம்பன்றி கூரியன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. அது முன்னாள் தலைவர். "போன வருஷமும் விருந்து, அதற்கு முந்தின வருஷமும் விருந்து! சாப்பாடு உமக்கு, கடன் எங்களுக்கா? இனி ஒரு மணி தானியம்கூடச் செலவு செய்யக் கூடாது! என் காலத்தில் எவ்வளவு சிக்கனம் தெரியுமா?"

"தெரியாமல் என்ன! கரைக்கு மண் போட்ட காட்டுப்பன்றிகளின் கூலியையே நிறுத்திய மகராசன்தானே நீர்!"

"உம்மைப்போல் ஊரெல்லாம் கை நீட்டவில்லையே!"

இரண்டு பக்கத்து ஆட்களும் வாலைத் தரையில் அடித்து ஆரவாரம் செய்தார்கள்.

கடன் கொடுத்த பெருச்சாளி தொந்தியப்பன் ஓரமாக உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. அது வட்டியாகத் தானியம் கேட்டதே இல்லை. "வட்டிக்குப் பதிலாக ஏரிக்கரையில் வளை தோண்டிக்கொள்கிறேன், அது போதும் தலைவரே!" என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லும். மண்தானே, நம் கையைவிட்டு என்ன போகிறது என்று செங்கோடனுக்கு ஏக சந்தோஷம். வளை செலவுக் கணக்கில் வராததால் கூரியனும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு ஆட்காட்டியின் வயிற்றில் ஜில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தது. கரையின் அடியிலிருந்து ஒரு புல்லின் கனத்துக்கு நீர் கசிந்து, கூட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. வானத்திலோ மேகம் திரண்டு நின்றது. ஒரு பெருமழை போதும், கரை உடையும். முதலில் போவது அதன் முட்டைகள்.

"ஐயா! கரை கசிகிறது!" என்று கீழேயிருந்து கூவியது.

"விதி இருக்கிறது அம்மா! மேலே வந்து பேசு!" என்று செங்கோடனும் கூரியனும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

ஆட்காட்டி தவித்தது. அதனிடம் இருந்தது குரல் ஒன்றுதான். வேடன் வந்தால் அது கத்தும். காடே ஓடிவந்து அதைச் சுற்றிக் கூடிவிடும். கூட்டமாக நின்றால் வேடன் நெருங்க மாட்டான். இதுவரை அது வீணாகக் கத்தியதில்லை. இன்று கத்தி, யாரும் நம்பாமல் போய்விட்டால்? அடுத்த முறை வேடனே வந்தாலும் யாரும் வரமாட்டார்கள்.

முட்டைகளை ஒருமுறை பார்த்தது. பிறகு தொண்டை கிழியக் கத்தியது.

சபை கலைந்தது. எல்லோரும் உருண்டும் புரண்டும் கீழே இறங்கிக் கூட்டைச் சுற்றி நின்றார்கள்.

"எங்கே வேடன்?" என்று மூச்சு வாங்கியது செங்கோடன்.

"வேடன் என்றா கத்தினேன்? ஆபத்து என்றுதான் கத்தினேன். கொஞ்சம் உட்காருங்கள் தலைவரே!"

செங்கோடன் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தது. பின்பக்கம் முழுவதும் சேறு!

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் காலடியிலும் தண்ணீர்.

"நீங்கள் வாங்கிய கடனுக்கு வட்டி இதுதான்," என்றது ஆட்காட்டி. "நீங்கள் பெருச்சாளியைக் கரையில் ஓட்டை போட விட்டீர்கள். கூரியன் ஐயா அடைக்கிறவர்களை வேலையிலிருந்து அனுப்பினார். பாக்கியைக் கட்டப்போவது இன்னும் முட்டையை உடைத்து வெளியே வராத என் பிள்ளைகள்!"

கூரியனின் முட்கள் படிந்தன. "காட்டுப்பன்றிகளுக்குக் கூலி கொடுக்க இருப்பில் தானியம் இல்லையே," என்று முனகியது.

"விருந்தை விட்டுவிடுங்கள். கூலிக்கு மட்டும் கடன் வாங்குங்கள்."

"கடனா? நீயுமா!"

"ஆமாம் ஐயா. கரை நின்றால் கரையோரப் புல்லரிசி விளையும். அதிலிருந்து கொடுக்கலாம். வட்டியும் தானியமாகத்தான். இனி ஒரு வளைகூடக் கிடையாது!"

"அது எப்படி? பேசினது பேசினதுதான்!" என்று குதித்தது தொந்தியப்பன்.

"அண்ணே, உங்கள் குட்டிகள் எங்கே தூங்குகின்றன?"

தொந்தியப்பன் கரையைத் திரும்பிப் பார்த்தது. மீசையைத் தடவிய கை நின்றுபோனது. "காலி செய்கிறேன்," என்றது மெல்ல. "தானியமும் தருகிறேன். வட்டியைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்."

காட்டுப்பன்றிகள் வந்தன. வளைகளில் மண்ணைத் தள்ளி, மிதித்து மிதித்துக் கெட்டியாக்கின. செங்கோடன் கல் சுமந்தது. கூரியன் முள்ளில் குத்திக் குத்தித் தழை கொண்டுவந்தது. சுமக்கும்போதும் யாரால் வந்த வினை என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

மழை வெளுத்து வாங்கியது. ஏரி தளும்பியது. கரை நின்றது. மழை ஓய்ந்த காலையில் ஆட்காட்டியின் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து, ஈரத் தலையோடு கரைமேல் ஓடின.

சபை இப்போதும் கூடுகிறது. சண்டையும் குறையவில்லை. ஆனால் விதி மாறிவிட்டது: கூட்டம் கரைக்குக் கீழேதான். பேச வருகிறவர் முதலில் தரையில் உட்கார்ந்து, ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடன் வாங்கலாமா கூடாதா என்று சண்டை போடுவதற்கு முன், அது எதற்குப் போகிறது, அதன் சுமையை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று பார்ப்பதே நல்ல ஆட்சி.