அரையாக வந்த தாய்மாமன்

எங்கள் கோணமேட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. "எவ்வளவு இல்லை?" என்றுதான் கேட்போம்.

அப்படிக் கேட்கப் பழகியதே ஒரு சண்டையால்தான். மழை வர்ற மாதிரி இருக்கு என்று ஒச்சம்மா அக்கா சொன்னதை நம்பி, காயப்போட்ட மிளகாயை அள்ளினேன். மழை வரவில்லை. சண்டை முற்றி, ஊர்க்கூட்டம் கூடி, எங்களுக்கென்று பிசகாத பேச்சு ஒன்றைச் செய்தோம். எதைச் சொன்னாலும் அது கால் உண்மையா, அரையா, முக்காலா, முழுசா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்த அளவுக்கே காரியம் செய்ய வேண்டும்.

மறுநாளே ஒச்சம்மா அக்கா, "மழை வருது, அரை" என்றாள். பாதி மிளகாயை அள்ளினேன். மீதிப் பாதி நனைந்தது. என்ன துல்லியம் என்று ஊரே மெச்சியது. நானும்தான்.

அப்புறம் என் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் செவனாண்டி போன் செய்தான்.

"வர்றேன் தங்கச்சி. அரை."

நாட்டாமை மொக்கையன் மாமா யோசித்தார். "வர்றது அரைன்னா, வராதது எவ்வளவு?"

"அதுவும் அரைதான் மாமா," என்றேன். எட்டாவது வரை படித்தவள் நான்.

"அப்ப ரெண்டுக்கும் சமமா மரியாதை செய்யணும்ல?"

விசேஷத்தன்று ஊரில் பாதிப் பேர் மாலையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் வராதவனைத் திட்டுவதற்காகப் போனார்கள். வீட்டில், வராத அரை மாமனுக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் ஒரு தொடையை மட்டும் கொடுக்க, ஆசாரி ஒரு காதை மட்டும் குத்தினார்.

அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழுத்தில் மாலை விழுந்தது. கூடவே, "விசேஷத்துக்கு வராத நீயெல்லாம் ஒரு தாய்மாமனாடா?" என்றும் விழுந்தது.

அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"எவ்வளவு கோவம் மாப்ளே?" என்றார் மாமா.

"முக்கால்!"

முக்கால் கோபக்காரன் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்குமான வழியில் முக்கால் தூரத்தில்தானே இருக்க வேண்டும்? அண்ணன் அளந்து நடந்து, நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனும் எங்கள் ஊர்ப் பிள்ளைதானே.

நான் ஓடினேன். "அண்ணே, பிள்ள ஒத்தக் காதோட கெடக்கே!"

"நான் என்ன பண்றது தங்கச்சி? கோவம் இங்கதான நிக்குது."

கறிக்குழம்பை அங்கேயே கொண்டுபோய் ஊற்றினேன். "அரை" என்று எழுந்து அரைத் தூரத்துக்கு வந்தான். இலை, சட்டி, ஆசாரி, அழுகிற பிள்ளை எல்லாம் பின்னாலேயே வந்தது. ஈரல் வறுவல் வைத்தேன். "கால்." மறுபடி நகர்ந்தோம். பாயசம் குடித்ததும் வீட்டுக்குள்ளேயே வந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இப்பக் கோவம் இல்லையேண்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் நெஞ்சில் கைவைத்து நேர்மையாக யோசித்தான்.

"இல்லை தங்கச்சி," என்றான். "முக்கால்."

மொக்கையன் மாமா விரலை மடக்கினார். "இல்லாதது முக்கால்னா, இருக்கிறது கால்."

ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். அண்ணன் பிள்ளையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். நான் பாயசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.