பதிவாளரின் திருப்தி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து நான்கு. குரு என்று அழைக்கத் தொடங்கியதும் சீடர்தான். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்த தையல்நாயகி, மூன்றாம் முறை சொல்லவில்லை.

அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு நடுத்தர நகரம். அதன் பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் தையல்நாயகி குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு எடுத்தார். நாட்டின் வரலாறு, ஆட்சிமுறை பற்றி நூறு கேள்விகள். அந்த ஆண்டுகளில் அரசு அதிகாரி அவற்றிலிருந்து பத்து கேட்பார். ஆறு சரியானால் போதும்.

சீடர் நல்லசிவம் சங்கரன்கோவில் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வரலாற்றுக் கேள்வித்தாள் தயாரிப்பதிலும் அதற்கு விடைக்குறிப்பு எழுதுவதிலும் இருபது வருடப் பழக்கம். மகளோடு இருக்க வந்தவர் இதே வகுப்பில் படித்தார். அதிகாரி கேட்ட முதல் ஆறு கேள்விக்கும் சரியாகச் சொன்னார். அதிகாரி அத்துடன் நிறுத்திக்கொண்டார். மீதி நான்கையும் கேட்டுவிடும்படி நல்லசிவம் வற்புறுத்தினார் என்பது வகுப்பில் நிலவும் பேச்சு. அவர் அதை மறுக்கவில்லை.

அதன் பிறகும் அவர் வகுப்பை விட்டுப் போகவில்லை. குருவுக்கு உதவியாக மாதம் ஒரு முன்தேர்வு வைத்தார். அதில் பத்துக்குப் பத்து எடுத்தவர் பெயருக்கு எதிரே மட்டும் கையெழுத்திடுவார். கையெழுத்து இருந்தால்தான் இலவசமாக விண்ணப்பம் எழுதித்தரும் வக்கீல் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வார்.

வடிவு நான்கு முறை அந்த முன்தேர்வில் தேறாமல் நின்றுபோனவர். நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் வேலை. கழுகுமலையில் எண்பத்தொரு வயதுத் தாய் தனியாக இருந்தார். வடிவிடம் இருந்தது கிரீன் கார்டு. அதை வைத்துக்கொண்டு தாயை அழைத்துவர முடியாது. குடியுரிமை இருந்தால் முடியும்.

ஐந்தாம் முறை நல்லசிவத்தின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“நாட்டின் தந்தை என்று யாரைச் சொல்கிறோம்?”

“வாஷிங்டன். தாய் யாருன்னு ஒருநாளும் சொல்லித்தர மாட்டேங்கிறீங்களே சார்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில். செனட்டர் பதவி எத்தனை வருஷம்?”

“ஆறு.”

இப்படியே ஒன்பது சரியாகப் போனது.

“அரசமைப்புச் சட்டத்துக்கு எத்தனை திருத்தங்கள்?”

“இருபத்தாறு.”

“இருபத்தேழு.”

“ஒண்ணுதானே சார் கொறையுது? போன வாரம் சரியாச் சொன்னேன்.”

“அது போன வாரம். அடுத்த மாசம் பார்ப்போம்மா.”

“நீங்க பாப்பீங்க சார். எங்கம்மைக்குப் போன பரிட்சைக்கும் இந்தப் பரிட்சைக்கும் நடுவுல வலது கண்ணு போயிட்டு. அடுத்த பரிட்சைக்கு எது போகுமோ, போன் வந்தாத்தான் தெரியும்.”

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். நல்லசிவம் சிவப்புப் பேனாவால் பட்டியலில் ஐந்தாவது வட்டம் போட்டார். வட்டம் கச்சிதமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு தையல்நாயகி நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்,” என்றார் நல்லசிவம்.

“கேளுங்க சார்.”

“நாட்டைப் பற்றித் தெரியாதவங்களுக்கு அந்த நாட்டை எதுக்குக் கொடுக்கணும்?”

“அதிகாரிக்கு ஆறு போதுமாம்.”

“அதிகாரி இளகின மனசுக்காரர். தரம்னு ஒண்ணு இருக்கு. யாராவது ஒருத்தர் வாசல்ல நின்னு பார்க்க வேண்டாமா?”

தையல்நாயகி கடைசி நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தார்.

“செவ்வாய்க்கிழமை வேலை ஏதாவது இருக்கா?”

“எனக்கென்ன வேலை.”

“என்னோட வாங்க. ஒரு தேர்வு இருக்கு.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்.”

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. “எத்தனை மார்க்குக்கு?” என்றார்.

இரண்டு மணி நேரப் பயணம். இருபுறமும் பருத்தி எடுத்து முடித்த வயல்கள். பிறகு ஒரு சிறிய ஊர். அதன் நடுவே தூண்கள் வைத்த பழைய நீதிமன்றக் கட்டடம். புது நீதிமன்றம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. முன்னறையில் இருந்த பெண்ணிடம் தையல்நாயகி ஒரு சாவி வாங்கிக்கொண்டார்.

நீண்ட நடைவழியின் கடைசியில் ஒரு கதவு.

“வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கணும்னா அந்தக் காலத்துல இங்கே தேர்வு எழுதணும். அரசமைப்புச் சட்டத்திலிருந்து கேள்வி.”

“நல்ல ஏற்பாடு,” என்றார் நல்லசிவம். “நீங்க உள்ளே வரலையா?”

“நான் ஒரு தடவை போயிட்டு வந்தாச்சு.”

அவர் கதவைத் திறந்துவிட்டு நடைவழியிலேயே நின்றுகொண்டார்.

உள்ளே மதிய வெளிச்சம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் காற்றில் பலமாக ஆடியது. சத்தம் மட்டும் வரவில்லை. அறையின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு மேசைத் தடுப்பு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் யாரும் இல்லை. நல்லசிவம் உட்கார்ந்தபோது பலகை சூடாக இருந்தது, யாரோ அந்தக் கணம்தான் எழுந்துபோனதைப் போல.

தடுப்புக்கு அப்பால் மெலிந்த ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோள்பட்டையில் கால்சட்டையைத் தாங்கும் வார்.

“அடுத்தவர்,” என்றார் ஆங்கிலத்தில். தலை நிமிரவில்லை.

நல்லசிவம் எழுந்து போனார். ஒரு தாளும் பென்சிலும் அவர் பக்கம் நகர்ந்து வந்தன. தாளில் ஒரே கேள்வி. மக்கள் அமைதியாகக் கூடும் உரிமை பற்றிய ஒரு வரியை அச்சிட்டு, அதன் கீழே இப்படி எழுதியிருந்தது: இதைப் பதிவாளர் திருப்தியடையும்படி விளக்குக.

நல்லசிவம் புன்னகைத்தார். இருபது வருடம் விடைக்குறிப்பு எழுதியவர். பத்து நிமிடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்.

பதிவாளர் நிதானமாகப் படித்தார்.

“நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.”

“நன்றி.”

“எனக்குத் திருப்தி இல்லை.”

“எந்த இடத்தில் தவறு?”

“தவறு என்று நான் சொல்லவில்லையே.” இன்னொரு தாள் நகர்ந்து வந்தது.

அதே கேள்வி. நல்லசிவம் வேறு விதமாக எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் பென்சில் எங்கோ இடறியது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். வெற்றுத்தாள்தான். ஆனால் அதில் எழுத்துகளின் பள்ளம் இருந்தது, மேலே வைத்து வேறு யாரோ அழுத்தி எழுதியதுபோல. திருப்பி விரலால் தடவினார். பரீட்சைத் தாள்களைத் தொட்டே பழகிய விரல். மக்கள், கூடும், உரிமை. அவர் எழுத இருந்த அதே சொற்கள். ஒரு கை எழுதியது அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கைகள். நடுக்கமுள்ள கை ஒன்று. ஆசிரியருடையதைப் போன்ற சீரான கை ஒன்று. ஏழு வரை பிரித்தறிந்தார். அதற்குமேல் எண்ணவில்லை.

எல்லா விடையும் சரியாக இருந்தது.

“திருப்தி இல்லை,” என்றார் பதிவாளர்.

மூன்றாவது தாளில் நல்லசிவம் எழுதவில்லை. பென்சில் பள்ளத்தில் தானாக ஓடியது.

“திருப்தி இல்லை.”

“ஐயா, திருப்திக்கு விடைக்குறிப்பு எங்கே? அதைக் காட்டுங்கள்.”

“இங்கே விடைகள் வைத்துக்கொள்வதில்லை.”

“அப்படியானால் இதில் யாராவது தேறியிருக்கிறார்களா?”

“தினமும். சிலர் எழுதாமலேயே.”

“எழுதாமலா? அவர்களிடம் என்ன கேட்பீர்கள்?”

“அப்பா நலமா என்று.”

நல்லசிவத்துக்குப் பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. பலர் ஒரே நேரத்தில் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் வரும் ஓசை. துணிகள் உரசின. யாரோ தொண்டையை மெதுவாகச் செருமிக்கொண்டார், தேர்வு அறையில் பிறருக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பாதவரைப் போல. நல்லசிவம் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவாளர் முதல் முறையாக நிமிர்ந்தார். சாதாரண முகம். களைத்த, கண்ணியமான, எந்த அலுவலகத்திலும் காணக்கூடிய முகம்.

“நீங்களும் இந்தத் தொழில்தான் என்று கேள்விப்பட்டேன்.”

“யார் சொன்னது?”

“ஒன்பது சொன்ன பெண்ணை நிறுத்தினீர்களாம். நானாக இருந்தால்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.”

அவர் தடுப்பின் ஓரத்துப் பலகையைக் கீல் சத்தம் கேட்க மேலே தூக்கினார். வழி திறந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

“வெகு நாட்களாக எனக்கு மாற்று ஆள் இல்லை. சற்று இந்தப் பக்கம் வாருங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் பொறுமைசாலிகள். தொந்தரவே தரமாட்டார்கள்.”

நல்லசிவம் தன் கையைப் பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்ததாகத்தான் நினைத்திருந்தார். விரல்களுக்கு நடுவே சிவப்புப் பேனா இருந்தது. மூடி கழற்றியிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தபோது தையல்நாயகி நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கார் பருத்தி வயல்களுக்கு வந்து சேர்ந்தது.

“அந்த ஆளை எங்கே பிடிச்சீங்க டீச்சர்?”

“எந்த ஆளை?”

“பதிவாளரா நடிச்சாரே.”

“நான் சாவிக்கு மட்டும்தான் சொல்லி வெச்சிருந்தேன் சார்.”

நல்லசிவம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். காற்று வந்தது. சத்தத்தோடு வந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தத் தேர்வை எழுதினவங்க யாரு?”

“கறுப்பின மக்கள். இங்கேயே பிறந்தவங்க. டீச்சருங்க, போருக்குப் போய் வந்தவங்க, பருத்தி எடுத்தவங்க.”

“வெள்ளைக்காரங்க?”

“அவங்களுக்கும் அதே தேர்வுதான். சட்டத்துல வித்தியாசம் கிடையாது.”

“எந்தப் பதில் எழுதியிருந்தா கறுப்பின மக்கள் தேறியிருப்பாங்க?”

“அவங்களைத் தேற விடலை. ரொம்ப வருஷம் போராடி, கடைசியில தேர்வையே ஒழிச்சாங்க.”

ஒரு லாரி அவர்களைக் கடந்து போனது.

“அவர் தடுப்பைத் திறந்துவிட்டார் டீச்சர். அந்தப் பக்கம் வரச் சொன்னார்.”

“போனீங்களா?”



“நாற்காலி என் உயரத்துக்குச் சரியா இருந்தது,” என்றார் நல்லசிவம்.

தையல்நாயகி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்கிருந்து பார்த்தா பெஞ்சு தெரியுது. முகங்கள் சரியாத் தெரியலை. தாள்கள்தான் தெரியுது. எல்லாரும் நீட்டிக்கிட்டே இருக்காங்க.”

“பிறகு?”

“ஒரு தாளை வாங்கிட்டேன். விடை சரியா இருந்தது. எனக்கு ஒரு குறை தோணிச்சு டீச்சர். என்ன குறைன்னு இப்ப ஞாபகம் இல்லை. ஆனா தோணிச்சு.”

பெட்ரோல் போட ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். தையல்நாயகி திரும்பி வந்தபோது நல்லசிவம் வகுப்புப் பட்டியலைத் தொடைமேல் விரித்து வைத்திருந்தார். வடிவின் பெயருக்கு எதிரே ஐந்து வட்டங்கள்.

“உங்க பேனாவைக் கொஞ்சம் கொடுங்க.”

“உங்க பேனா எங்கே?”

“அந்த ரூமுக்குள்ளே கிடக்கு. அது வேண்டாம், விடுங்க.”

தையல்நாயகி தந்த பேனாவால் அவர் வட்டங்களுக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழே இன்னும் ஆறு பெயர்கள் கையெழுத்தில்லாமல் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். கடைசிக் கையெழுத்து அவருடையதைப் போலவே இல்லை.

“வக்கீல் சனிக்கிழமைதானே வர்றார்?”

“காலையிலேயே வந்திடுவார்.”

“வடிவம்மா என் எதிர்ல வந்து உட்காருவாங்க. வழக்கம்போலப் பரிட்சைன்னு நினைச்சுக்கிட்டு.”

“ஆமா.”

“நான் அவங்ககிட்ட என்ன கேட்கிறது டீச்சர்?”

தையல்நாயகி வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தார்.

“உங்களுக்கு விடை தெரியாத ஏதாவது ஒண்ணு கேளுங்க சார்.”